சுட்டால் சுருங்கும் கை

போட்டிக்குக் கைத்துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கம்பெனிப் பெயரை. அடுத்து, "சாம்பியன்கள் எதை வைத்துச் சுடுகிறார்கள் சார்?" என்பார்கள். இரண்டுக்கும் சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்வது எதுவும் அவர்கள் காதில் ஏறாது. கைபேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, எந்தத் துப்பாக்கி என்று முடிவு செய்துகொண்டேதான் உங்களிடம் வந்திருப்பார்கள். உங்கள் வேலை அவர்கள் கையைப் பார்ப்பது மட்டும்.

நீங்கள் எல்லாரும் இப்போதுதான் பயிற்சியாளர் சீருடை போட்டிருக்கிறீர்கள். நான் அதைக் கழற்றியாகிவிட்டது. போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றேன். பிறகு விருத்தாசலத்தில், மூடிப்போன ஒரு செராமிக் கம்பெனியின் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சிக்கூடம் நடத்தினேன். எடை எவ்வளவு இருக்கலாம், விசை எத்தனை கிராமில் இழுபட வேண்டும் என்பதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். நான் கைப்பிடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில்தான் என் வாழ்க்கையின் பெரிய தப்பைச் செய்தேன்.

போட்டித் துப்பாக்கியை ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும். அறுபது குண்டுக்கும் கை ஒரே மாதிரி உட்கார வேண்டும். அதனால் மரக் கைப்பிடியை அவரவர் கைக்குச் செதுக்கிக்கொள்கிறோம். ஒருவர் கைப்பிடி இன்னொருவருக்குச் சேராது. அடுத்தவர் பல்செட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது மாதிரிதான் அது. இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

இனி நான் சொல்வதில் பாதிக்கு என்னிடம் விளக்கம் இல்லை. இல்லாததைச் சேர்த்துச் சொல்லும் பழக்கமும் எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் 'சுடுவது' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஷெட்டில் நாங்கள் துப்பாக்கியால் சுட்டோம். பக்கத்துக் கம்பெனியில் களிமண் பொம்மைகளைச் சூளையில் சுட்டார்கள். சூளை மேஸ்திரி மதில் மேல் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு சுட்டாச்சா சார்?" என்பார். "ஆச்சு மேஸ்திரி. உங்களுக்கு?" என்பேன். "நாளைக்குத்தான் சூளை பிரிக்கறோம்" என்பார். நான் வெளியூர்க்காரன். அந்தச் சொல்லின் இரண்டாவது அர்த்தம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அங்கேதான் சறுக்கினேன்.

என்னிடம் சுட வந்தவர்களில் குமரவேல் என்று ஒரு எலெக்ட்ரீசியன் இருந்தான். பெரிய கை. பள்ளிக்கூடத்தில் ஏழாவது படிக்கும்போது கபடியில் மோதிர விரல் உடைந்து, சரியாகக் கட்டுப் போடாமல் நடுவில் கோணிப் போயிருந்தது. அப்படி ஒரு விரலுக்குக் கடையில் விற்கிற எந்தக் கைப்பிடியும் ஒத்துவராது. ஊர்தான் களிமண் ஊராயிற்றே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ஈரக் களிமண் கட்டி ஒன்றை அவன் கையில் கொடுத்து, துப்பாக்கி பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். விரல் பதிந்த பள்ளமெல்லாம் அப்படியே வந்தது. உடைந்துவிடக் கூடாது என்று அதை மேஸ்திரியின் சூளையில் சுட்டு வாங்கினேன். சேத்தியாத்தோப்பில் ஒரு தச்சர் இருந்தார். பஸ் ஏறிப் போய் அவரிடம் கொடுத்து, "அச்சு அசலாக இதே அளவில் மரத்தில் செய்யுங்கள்" என்றேன். அவர் நூல் பிசகாமல் செய்து கொடுத்தார்.

குமரவேலின் கை அதில் நுழையவே இல்லை.

மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சுட்டா சுருங்கும் சார்! பத்துல ஒரு பங்கு போயிடும். இந்த ஊர்ல ஒண்ணாவது படிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க ஏதோ பொம்மை சுடறீங்கன்னு நெனச்சேன் சார்."

குமரவேலும் சிரித்தான். "நீங்க சுருக்கத்துக்கு அளவு சேத்துருப்பீங்கன்னு நானும் நெனச்சேன் சார்" என்றான். சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்து இன்னொன்று செய்து அவனுக்குக் கொடுத்தோம். சிறுத்துப்போன முதல் கைப்பிடியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். நல்ல மரம், எறிய மனசு வரவில்லை. அன்றைக்கே அடுப்பில் போட்டிருக்க வேண்டும்.

குமரவேல் நாலு வருடம் சுட்டான். நன்றாகத்தான் சுடுவான். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் குண்டு டப்பாவின் மூடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவான். டக், டக். பிறகு சுடுவான். அவனிடம் ஒரே ஒரு கோளாறு. நாற்பத்தேழாவது குண்டு வந்தால் கீழே விழ ஆரம்பிப்பான். கோணல் விரல் மரத்துப்போய், கடைசிப் பதினான்கு குண்டும் இடது பக்கம் கீழே இறங்கும். அந்தப் பதினான்கு குண்டு அவனை மாநில அணிக்குள் நுழைய விடவே இல்லை. பிறகு ஒருநாள் வேப்பூர் பக்கம் வேலைக்குப் போனவன், நெடுஞ்சாலையில் லாரியில் மாட்டிக்கொண்டான். ஊரே வந்து பாடை தூக்கியது. நானும் போனேன்.

மூன்று மாதம் கழித்து அவன் தங்கை அமுதா துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். அதற்கு முன் அவள் அந்த வாசலை மிதித்தது கிடையாது. பக்கத்துக் கம்பெனியில், சுடாத பொம்மைகளில் அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பிதுங்குகிற விளிம்பைப் பிளேடால் சீவுகிற வேலை அவளுக்கு. மூச்சுப் பிடித்துச் செய்ய வேண்டிய வேலை. கை ஆடினால் பொம்மைக்கு மூக்குப் போய்விடும்.

"எனக்குக் கத்துக் குடுங்க சார்" என்றாள். "டாக்டரு இந்தத் தூசியில இருக்காதன்னுட்டாரு. நெஞ்செல்லாம் மண்ணா இருக்குதாம். ஸ்டேட் டீமுல வந்துட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மெண்டு வேலைக்கு எழுதிப் போடலாம்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பான். எனக்கு வயசு அடுத்த வருஷத்தோட முடியுது."

பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினாள். அண்ணனின் துப்பாக்கியை அவள் கையில் வைத்துப் பார்த்தேன். குளத்தில் கிடக்கிற இலை மாதிரி கைப்பிடிக்குள் விரல்கள் மிதந்தன. அப்போதுதான் எனக்கு அந்தப் பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது.

சிறிய கைப்பிடியை மாட்டிக் கொடுத்தேன். அவள் பிடித்தாள். விரல் ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. கட்டைவிரல் மேடு, உள்ளங்கைக் குழி, சுண்டுவிரல் விளிம்பு, எதிலும் ஒரு தலைமுடி இடைவெளி இல்லை. இருபது வருடம் செதுக்கினாலும் அப்படி ஒரு பொருத்தம் எனக்கு வந்திருக்காது. அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கைப்பிடி அவளுக்காகவே காத்திருந்தது போல இருந்தது. எனக்குக் கை ரோமமெல்லாம் நட்டுக்கொண்டது. அதை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அதுதான் என் முட்டாள்தனம்.

பிள்ளைகளே, பயிற்சியாளர்களைக் கெடுப்பது நல்ல ஸ்கோர்தான். மோசமான ஸ்கோர் வந்தால் ஏன் என்று தோண்டித் துருவுவோம். நல்ல ஸ்கோர் வந்தால் டீ சொல்லுவோம். அமுதாவுக்கு மூன்றாவது மாதத்திலேயே வரக் கூடாத ஸ்கோர் வந்தது. நான் மேஸ்திரிக்கும் சேர்த்து டீ சொன்னேன்.

ஒருநாள் சாயங்காலம் நான் ஷெட்டின் பின்பக்கம் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அமுதா மட்டும் சுட்டுக்கொண்டிருந்தாள். டக், டக். பிறகு குண்டுச் சத்தம். டக், டக். மறுபடி குண்டு. கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"ஏம்மா, டப்பாவைத் தட்டறியே, யாரு சொல்லிக் குடுத்தது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நான் தட்டுனனா சார்?"

அவள் பொய் சொல்லவில்லை. அடுத்த குண்டுக்கும் தட்டினாள். தட்டியது அவளுக்குத் தெரியவே இல்லை.

சுட்ட அட்டைகளை நான் எறிவதில்லை. பெயர் எழுதிக் கட்டி வைப்பேன். அன்றைக்கு அவள் போன பிறகு குமரவேலின் பழைய கட்டைப் பிரித்தேன். அவன் அட்டை ஒன்றையும் அமுதாவின் அன்றைய அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒன்றிரண்டைத் தவிர, துளைகள் வழியே வெளிச்சம் நேராக வந்து என் சட்டையில் விழுந்தது. இன்னொரு ஜோடி எடுத்தேன். அதுவும் அப்படித்தான். நாற்பத்தாறு குண்டு வரை நடுவில். நாற்பத்தேழிலிருந்து இடது பக்கம் கீழே.

அண்ணனை முடக்கிய அதே பதினான்கு குண்டு. அவள் விரலோ நேரான விரல்.

காரணம் ஒன்று கண்டுபிடித்து என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கைப்பிடியில் அவன் கோணல் விரலின் பள்ளம் இருக்கிறது. அவள் விரல் அதற்குள் வளைந்து உட்கார்ந்து மரத்துப்போகிறது. சரிதான். அந்தப் பள்ளத்தை மர மாவு வைத்து அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று எடுத்தேன். அமுதா துப்பாக்கியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். வலியெல்லாம் இல்ல. சுடறப்ப கையை யாரோ புடிச்சிருக்கற மாதிரி இருக்குது. அதனாலதான் ஆடாம நிக்குது."

நான் மாவை மூடி வைத்துவிட்டேன். ஸ்கோர் நன்றாகத்தானே வருகிறது, கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டேன். அப்படியே மாதங்கள் ஓடின.

இந்தச் சமயத்தில்தான் அவள் அம்மா வர ஆரம்பித்தார். அவரும் பக்கத்துக் கம்பெனியில்தான், பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. வேலை விட்டதும் எங்கள் ஷெட்டு வாசலில் கிடக்கும் உடைந்த பீங்கான் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே வரமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். முகத்தில் சிரிப்பு இருக்கும். மகளுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து, "உள்ளே வந்து பாருங்கம்மா, அமுதா நல்லா சுடறா" என்றேன்.

"அமுதாவா?" என்றார் கண்ணைத் திறக்காமல். "ரெண்டு தட்டு தட்டிட்டுச் சுடுது கேளுங்க சார். எம் புள்ள சுடறான்."

மகன் இருந்த காலத்திலும் அவர் இப்படித்தான் வெளியில் உட்கார்ந்து கேட்பாராம். அவனைச் சுடப் பார்த்ததே இல்லை. அவருக்கு மகன் என்பது அந்தச் சத்தம்தான்.

சுத்தம் செய்யக் கழற்றி வைத்திருந்த கைப்பிடியை ஒருநாள் அவரே வாங்கிப் பார்த்தார். பள்ளங்களில் விரலை வைத்துத் தடவினார். மோதிர விரல் பள்ளத்துக்கு வந்ததும் நின்றார். "இது எம் புள்ள ஒம்பதாவது படிக்கறப்ப இருந்த கை சார்" என்றார். "பெரிசானவனைச் சூளையில வச்சிச் சின்னவனாக்கி எடுத்துட்டு வந்துட்டீங்க."

அவர் அதை நன்றியோடுதான் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் பாருங்கள், நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தாய் நிம்மதியாக இருக்கிறார், ஒரு பெண் நன்றாகச் சுடுகிறாள், நாம் ஏன் குறுக்கே போக வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

மாநிலத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அமுதா ஒருநாள் சுடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடது கை மடியில் இருந்தது. வலது கையைத் தன்னுடையது இல்லாதது மாதிரி தள்ளிப் பெஞ்சின் மேல் வைத்திருந்தாள்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"சார், அண்ணன் போனதுலேருந்து அம்மா எங்கிட்டப் பேசறதில்ல. இப்ப பேசறாங்க. ஆனா எங்கிட்ட இல்ல." வலது கையைக் கண்ணால் காட்டினாள். "வூட்டுக்குப் போனதும் இந்தக் கையை எடுத்து மடியில வச்சிக்கிறாங்க. இதுகிட்டதான் பேசறாங்க. தம்பி, வேலை முடிஞ்சுதா, வெயில்ல போனியான்னு. நான் பதில் சொன்னா என்னை நிமிர்ந்து பாக்கறாங்க, இவ யாருங்கற மாதிரி. அதனால நான் இப்ப பதில் சொல்றதில்ல."

பிறகு, "எனக்குப் பயமா இருக்குது சார். வேலை கிடைச்சா கையெழுத்து நான் போடுவனா, அவன் போடுவானா?" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. கைப்பிடியை உடனே கழற்றினேன். ஒரு மாதத்துக்கு முன்னால் கைப்பிடியை மாற்றுவது எந்தப் பயிற்சியாளனும் செய்யக் கூடாத காரியம். நானே பத்துப் பேரைத் திட்டியிருக்கிறேன் அதற்காக. மாற்றினால் அவள் தேர்வில் தோற்கலாம், வயது முடிந்துவிடும், ஆயுள் முழுக்கத் தூசிதான். மாற்றாவிட்டால் நாற்பத்தாறு குண்டுவரை ஜெயிக்கலாம். ஆனால் ஜெயிப்பது அவளாக இருக்காது. பழைய கைப்பிடியோடு அவளைச் சென்னைக்கு அனுப்ப எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஈரக் களிமண் கொண்டுவந்தேன். அவள் கையின் அச்சை எடுத்துப் புதுக் கைப்பிடி செய்வதாக ஏற்பாடு. இந்த முறை சுருக்கத்துக்குச் சேர்க்க வேண்டிய அளவை மேஸ்திரியே பக்கத்தில் நின்று சொன்னார். அமுதா கட்டியை வாங்கி, துப்பாக்கி பிடிப்பது போல இறுக்கிப் பிடித்துவிட்டுக் கொடுத்தாள்.

மோதிர விரல் பள்ளம் கோணலாக இருந்தது.

அவள் விரலைப் பிடித்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. கட்டியைப் பிசைந்து மறுபடி கொடுத்தேன். மறுபடியும் கோணல். மூன்றாவது தடவை விரலை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணைத் தொடுகிறவரை நேராக இருந்த விரல், இறுக்குகிற நேரத்தில் உள்ளே மடங்கியது. மேஸ்திரி இரண்டடி பின்னால் போய்விட்டார். "சார், இதை என் சூளையில வைக்க மாட்டேன்" என்றார்.

அமுதா அழவில்லை. களிமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கிடங்கில் வேலை கற்றுக்கொடுத்த ஒரு மேலதிகாரி உண்டு. வாய் கெட்ட மனுஷன். புதுத் துப்பாக்கி கொடுக்கும்போது ஆளை நிற்கவைத்து, "எப்படிப் பிடிப்பாய்?" என்று கேட்கவே மாட்டார். டீ கிளாஸைக் கொடுத்துவிட்டு, அவன் அதை எப்படிப் பிடிக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். துப்பாக்கி என்றால் எவனும் வேறு யாரையாவது பார்த்துக் காப்பியடித்துப் பிடிப்பான், கிளாஸைத்தான் தன் கையால் பிடிப்பான் என்பார். அது ஞாபகம் வந்தது.

களிமண்ணைத் தூர வைத்தேன். "நாளைக்கு இன்னா பொம்மை சீவப் போற?" என்றேன்.

"செட்டியார் பொம்மை சார்."

"அதுல எது கஷ்டம்?"

"தொப்பைதான். வழுக்கிட்டே போவும். கொஞ்சம் அழுத்திப் புடிச்சா நசுங்கிடும்."

"எப்படிப் புடிப்ப, காட்டு" என்று சொல்லிக்கொண்டே கட்டியை அவள் கையில் திணித்தேன். வேலை செய்கிற பெண்ணின் வேகத்தில் அதை வாங்கி, ஒரு சுழற்று சுழற்றி, கைக்குள் அணைத்துப் பிடித்தாள். "இந்தா, இப்படித்தான் சார். ஆனா எங்க சூப்பர்வைசரு இருக்காரே, அவருக்கு..." என்று அந்த ஆளைத் திட்ட ஆரம்பித்தாள். நான் அவளை நன்றாகத் திட்ட விட்டேன். திட்டி முடித்ததும் விரலைப் பிரிக்கச் சொன்னேன்.

ஐந்து விரலும் நேராகப் பதிந்திருந்தன. சின்னக் கை. பிளேடு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன ஆள்காட்டி விரல். மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சூளைக்குப் போனார்.

புதுக் கைப்பிடி வந்தபோது தேர்வுக்குப் பதினேழு நாள் இருந்தது. முதல் வாரம் ஸ்கோர் பாதாளத்துக்குப் போனது. நான் தினமும் என்னையே திட்டிக்கொண்டேன். இரண்டாவது வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. டப்பா தட்டுவது நின்றுபோயிருந்தது. அவள் சுடுவது மெதுவாக, இருமலுக்கு இடம் விட்டு, ஒழுங்கில்லாமல் இருந்தது. ஆனால் நாற்பத்தேழாவது குண்டு நடுவில் போய் விழுந்தது.

கம்பெனியில் சரக்கு ஏற்றுகிற வேலை என்று அந்த நாட்களில் அவள் அம்மா வரவில்லை. சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் வந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். நாலு குண்டுதான் கேட்டார். எழுந்து முதல் தடவையாக ஷெட்டின் வாசல்படிக்கு வந்து நின்றார்.

"சார், இது யாரு சுடறது?"

"உங்க பொண்ணும்மா."

"எம் புள்ள எங்க?"

அமுதா அப்போது கையை உயர்த்திக் குறி வைத்திருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது. நான் கழற்றி வைத்திருந்த பழைய கைப்பிடியை அவர் மேசை மேல் பார்த்துவிட்டார். முகம் மாறிப்போனது. "ரெண்டாவது வாட்டியும் அவனை எடுத்துட்டீங்களே சார்" என்றார். சத்தம் போடவில்லை. கைப்பிடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வார்த்தை இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. அவர் சொன்னது உண்மைதான். நான்தான் எடுத்தேன். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நல்ல ஸ்கோரை ஒரு கையிலும், உங்களிடம் நம்பி வந்த ஆளை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். ஆளைக் காப்பாற்றுங்கள். யாரும் உங்களுக்கு மாலை போடமாட்டார்கள். திட்டுத்தான் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

உயர்த்திய கையை அமுதா சுடாமல் கீழே இறக்கினாள். துப்பாக்கியை மேசையில் வைத்தாள். மூச்சு வாங்கினாள். இருமினாள். பிறகு மறுபடி எடுத்துச் சுட்டாள். அட்டையை நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் கை தானாகச் சுட்டுவிடாமல், அவளே தீர்மானித்துக் கீழே இறக்கினாளே, அது போதும் என்று இருந்தது.

சென்னையில் தேர்வு காலையில் ஆரம்பித்தது. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நாற்பத்தாறு குண்டு வரை எண்ணினேன். நாற்பத்தேழாவதுக்கு அவள் துப்பாக்கியை வைத்துவிட்டு நின்றாள். அவள் உதடு அசைந்தது. யாரிடமோ ஏதோ சொல்கிறாள் என்று தெரிந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. பிறகு எடுத்துச் சுட்டாள். அதற்கப்புறம் பதின்மூன்று குண்டையும் நிற்காமல் சுட்டாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

பட்டியல் ஒட்டியபோது மதியமாகிவிட்டது. அணியில் கடைசி இடம் அவளுக்கு. கடைசியாக இருந்தால் என்ன, அணி அணிதான். அவள் பெயரை நான் மூன்று தடவை விரல் வைத்துப் படித்தேன்.

"மொதல்ல அம்மாவுக்குப் போன் போடும்மா" என்றேன்.

"எடுக்க மாட்டாங்க சார்."

"போடு."

மாடிப்படியில் உட்கார்ந்து போட்டாள். மணி வெகுநேரம் அடித்தது. சத்தம் வெளியில் கேட்கிற பொத்தானை அவள் தெரியாமல் அமுக்கிவிட்டாள். அதனால் எனக்கும் கேட்டது.

"யாரு?" என்றது அம்மாவின் குரல்.

"நான்தாம்மா."

அந்தப் பக்கம் சூளைக் கம்பெனியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நான் அமுதாம்மா. டீமுல வந்துட்டேன்."

மறுபடியும் இரைச்சல்தான். வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். அமுதாவும் அப்படித்தான் நினைத்து, போனைக் காதிலிருந்து எடுக்கப் போனாள்.

"அமுதாவா?" என்றார் அம்மா. தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி இருந்தது குரல். "சாப்டியாடி?"

அமுதா வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னும் இல்லம்மா."